உதவி: டிஐ-84 பிளஸில் மணல் துகள் அசைவு, வாடைக்காற்றில் மட்டும் பிழை

கேள்வி (மண்டபம்)

சிங்கப்பூரில் படித்த அக்கா மகன் தந்த, நிரல் எழுதக்கூடிய டிஐ-84 பிளஸ் கணிப்பானில், தனுஷ்கோடி அரிச்சல்முனையில் காற்று மணலைக் கிளப்பித் தாவித் தாவிக் கொண்டுபோகும் காட்சியை, என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக 20 புள்ளிகளால் அமைத்திருக்கிறேன். புள்ளிகளின் நெடுவரிசை எண்கள் எல்1 என்ற பட்டியலிலும், கிடைவரிசை எண்கள் எல்2-இலும், அவற்றின் வேகங்கள் எல்3, எல்4-இலும் உள்ளன. விளிம்பைத் தாண்டும் துகள் மறுபக்கம் வருவதற்காக, எல்1-ஐ 95 ஆல் வகுத்து, அதன் ஐபார்ட்டை (முழு எண் பகுதியை) 95 ஆல் பெருக்கிக் கழிக்கிறேன். கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) வீசுவதாக வைத்துத் துகள்களை இடமிருந்து வலமாக ஓடவிட்டால் குறையில்லை. எதிர்ப்பக்கம் வீசும் வாடைக்காக எல்3-ஐ எதிர்க்குறியாக்கினால் சில நொடிகளில் டொமைன் பிழை (எண் எல்லைக்கு வெளியே என்ற பிழை) காட்டி நின்றுவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் திரையைத் துடைக்கும் கிளியர்டிரா கட்டளை கொடுப்பதால் திரையும் விட்டுவிட்டு மின்னுகிறது.

மறுமொழி (கீழக்கரை)

திரையில் ஒரு புள்ளியை வரையும் பிக்சல்-ஆன் கட்டளையில் கிடைவரிசை எண்தான் முதலில் வர வேண்டும். அது 0 முதல் 62 வரையிலும், நெடுவரிசை 0 முதல் 94 வரையிலும் முழு எண்ணாக இருக்க வேண்டும். இடம் மாற்றி எழுதிவிட்டீர்களா?

கேட்டவர்

இல்லை ஐயா, முறை சரியாகத்தான் இருக்கிறது. வரையும்போது இரண்டையும் இன்ட் கொண்டு முழு எண்ணாக்குகிறேன்.

மறுமொழி (பாம்பன்)

பிழை ஐபார்ட்டில் இருக்கிறது. ஐபார்ட் தசமப் பகுதியை வெட்டிவிடும். இன்ட்டோ எப்போதும் கீழே உள்ள முழு எண்ணுக்கு இறங்கும். வாடையில் ஒரு துகள் -0.4 என்ற இடத்துக்கு வந்தால், 95 ஆல் வகுத்த ஈவின் ஐபார்ட் 0 என்பதால் அது மறுபக்கம் போகாமல் அங்கேயே நிற்கிறது. வரையும்போது இன்ட் அதை -1 ஆக்க, அப்படியொரு நெடுவரிசை இல்லாததால் கணிப்பான் மறுக்கிறது. கழிக்கும் இடத்திலும் இன்ட் போட்டால் அதே துகள் 94.6-க்குப் போய்விடும், கச்சானுக்கும் அதுவே பொருந்தும்.

கிளியர்டிராவை ஒருமுறை, தொடக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நகர்த்துவதற்கு முன் எல்1-ஐ எல்5-இலும் எல்2-ஐ எல்6-இலும் படியெடுத்து, பழைய இடத்தைப் பிக்சல்-ஆஃப் கொண்டு அழித்துப் புதிய இடத்தை வரையுங்கள். எல்1-உடன் எல்3-ஐ ஒரே வரியில் கூட்டினால் 20 துகளும் சேர்ந்தே நகரும். ஒவ்வொன்றாகக் கூட்டுவதைவிட இது விரைவு. வரிசை எண் கீழ்நோக்கி வளர்வதால் ஈர்ப்புக்கு நேர்க்குறி வேண்டும். தரையான 62-இல் துகளை -2 வேகத்தில் எழுப்பி, சுற்றுக்கு 0.2 கூட்டினால், சுமார் 10 வரிசை உயரம் தாவும்.

கேட்டவர்

இரண்டு காற்றும் இப்போது நிற்காமல் வீசுகின்றன. திரை மின்னுவதும் நின்றுவிட்டது. வேகம் போதாததால் துகள்களை 12 ஆகக் குறைத்திருக்கிறேன்; மணல் தாழ்வாகத் தாவி விழுவது பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. மிக்க நன்றி.