கொல்லிமலைப் பயணம்: டென்ட்டுக்குள் தண்ணீர் சொட்டுகிறது, வழி சொல்லுங்கள்

வடுவூர்க்காரன்:
வணக்கம். சம்பா அறுப்பில் இறங்குவதற்கு முன்னால், பொங்கல் கழிந்து வரும் சனி ஞாயிறில் கொல்லிமலை போகிறோம். நான், மச்சான், கூட்டாளிகள் இரண்டு பேர். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கி ஏற வேண்டும், ஓர் இரவு டென்ட்டில் தங்க வேண்டும். இரண்டிலும் சிக்கல்.

போன வருடம் ஏற்காட்டில் மழை ஒரு சொட்டு இல்லை. குளிருக்குப் பயந்து ஜிப்பை இறுக்கி மூடிப் படுத்தோம். விடிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். போர்வை, பை எல்லாம் நனைந்துவிட்டது. ஓட்டை எதுவும் தெரியவில்லை. கடையில் கேட்டால் புதிதாக வாங்கு என்கிறார்கள்.

அப்புறம், எங்கள் பக்கம் மேடு என்றால் வயல் வரப்புதான். அங்கே ஆயிரம் படிக்கு மேலாமே, கால் தாங்குமா?

கொள்ளிடக்கரை:
தம்பி, காசை வீணாக்காதீர்கள். அது ஓட்டை இல்லை, நீங்கள் விட்ட மூச்சு. இட்லிப் பானையைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நிற்குமே, அதே கதை. நாலு பேர் மூச்சிலிருக்கும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகிவிடுகிறது.

உச்சியில் இருக்கும் வலை ஜன்னலைத் திறந்தே வையுங்கள். கீழே எதிரெதிர்ப் பக்கம் ஒரு சாண் ஜிப்பை விடுங்கள். மேல்துணி உள்துணியில் ஒட்டாதபடி கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஈரத் துண்டு உள்ளே வரக் கூடாது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் சமவெளியைவிட ஆறு டிகிரி குறையும், கம்பளி ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் அடிக்காதீர்கள், குளிர்காற்று அங்கேதான் தேங்கும்.

இப்போது மார்கழிதானே? களத்தில் அடித்து ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள்.

மலைக்கோட்டைவாசி:
சுவாமிமலையின் அறுபது படி பத்தாது. உச்சிப் பிள்ளையாருக்கு வாருங்கள், நானூற்றுச் சொச்சம் படி. இரண்டு நடை ஏறி இறங்குங்கள். முழங்கால் நடுங்குவது இறங்கும்போதுதான். ஆகாய கங்கையில் முதலில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். அருவியில் ஆட்டம் போட்டுத் தெம்பை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏற வேண்டாம்.

ஐயாறு அக்கா:
எல்லாம் சரி, டென்ட்டை எங்கே அடிக்கப் போகிறீர்கள்? காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு கெடுபிடி கூடியது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. செம்மேடு பக்கம் விடுதித் தோட்டத்தில் இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே பேசுங்கள். சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டும் ஆசை வேண்டாம், புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். விடுதி அடுப்பில் சோறாக்கினால் குக்கர் வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அரிசி வேக நேரமாகும்.

வடுவூர்க்காரன்:
அண்ணே, களத்தில் இரண்டு ராத்திரி படுத்தாயிற்று. முதல் நாள் வேண்டுமென்றே மூடிப் படுத்தோம், நாலு மணிக்கு அதே சொட்டு. மறுநாள் நீங்கள் சொன்னபடி திறந்து வைத்தோம். மேல்துணியில் பனி வழிந்தது, உள்ளே காய்ந்தே இருந்தது. மச்சான் தலை இடித்துத் துணிகள் ஒட்டிய மூலை மட்டும் நனைந்தது. ஒரு சாண் திறப்பில் எங்கள் நாய் வேறு உள்ளே வந்து படுத்துக்கொண்டது.

அக்கா, தோட்டத்தில் இடம் தருவதாக ஒரு விடுதியில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பிள்ளையார்.