அக்கவுண்டிங் பிஎச்டி-ன்னா உள்ள என்னதான் பண்ணுவாங்க? டர்பன் பக்கம் யாராச்சும் சொல்லுங்க

செல்வி_சாட்ஸ்வொர்த்:
எல்லாருக்கும் வணக்கம். இத்தன நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போவேன், இப்பதான் முதல் தடவ எழுதுறேன். மதுரைல எம்.காம் படிச்சு, சிஏ-வும் முடிச்சு, கல்யாணமாகி டர்பன் வந்தவ நான். இங்க ஒரு காலேஜ்ல ஃபைனான்சியல் அக்கவுண்டிங் எடுக்குறேன், வருஷா வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட்தான். பர்மனன்ட் வேணும்னா பிஎச்டி-க்கு ரெஜிஸ்டராவது பண்ணியிருக்கணும்னு டிபார்ட்மென்ட்ல ஜாடைமாடையா சொல்லிட்டாங்க. வீட்ல மாமியார் "சிஏ-க்கு மேலயும் பரீட்ச இருக்காம்மா?"ன்னு கேக்குறாங்க, எனக்கே பதில் தெரியல. ஐஎஃப்ஆர்எஸ்னு சொல்ற சர்வதேச கணக்கு விதிங்க எல்லாத்தையும் இன்னும் ஆழமா படிக்கணுமா? க்ளாஸ் இருக்கா, பரீட்ச இருக்கா? அமெரிக்கால அஞ்சு வருஷம்னு சொல்றாங்க, இங்க மூணுன்னு சொல்றாங்க, ஏன் இந்த வித்தியாசம்? கணக்குல நான் சுமார்தான், அதையும் சொல்லிடுறேன். தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொன்னா புண்ணியமா போகும்.

எழிலன்_எட்ஜ்கோம்ப்:
வாங்க தங்கச்சி. நான் இங்கயே பிஎச்டி முடிச்சு இங்கயே பாடம் எடுக்குறவன், அதனால இந்த ஊர் நிலவரம் சொல்றேன். முதல்ல அந்த ஐஎஃப்ஆர்எஸ் நெனப்ப விட்டுடுங்க. சிஏ-ங்கறது ஒரு பரிவர்த்தனைய எப்படி பதியணும்னு கத்துக்குடுக்கும், பிஎச்டி-ல அந்தக் கேள்வியே வராது, அங்க வர்றது ஏன் இவங்க இப்படி பதிஞ்சாங்க, பதிஞ்சதால யாருக்கு என்ன ஆச்சுங்கறதுதான். உதாரணம் நம்ம ஊர்லயே இருக்கு. டோங்காட் ஹியூலெட் சர்க்கரக் கம்பெனி கத தெரியும்ல, நிலம் வித்த வருமானத்த வரவேண்டிய காலத்துக்கு முன்னாடியே கணக்குல காட்டி லாபத்த ஊதிப் பெருக்கினது 2019-ல வெளிய வந்துச்சு, 2022-ல கம்பெனி பிசினஸ் ரெஸ்க்யூவுக்கே, அதாவது திவாலாகாம காப்பாத்துற சட்ட நடவடிக்கைக்கே போச்சு. ஒரு சிஏ இதப் பாத்தா வருமானத்த எந்த தேதில எடுத்திருக்கணும்னு திருத்துவாரு. ஆராய்ச்சிக்காரன் வேற மாதிரி கேப்பான். மேனேஜர் போனஸ் எந்த எண்ணோட கட்டப்பட்டிருந்துச்சு? ஆடிட்டர் ஏன் கேக்கல? ஷேர் மார்க்கெட்டுக்கு முன்னாடியே மூக்குல வேர்த்துச்சா இல்லையா? இந்த மாதிரி ஒரு கேள்விய எடுத்து, அத ஒரு கம்பெனிக்கு மட்டும் இல்லாம நிறைய கம்பெனிக்கும் பொருந்துற மாதிரி நிரூபிக்கிறதுதான் தீசிஸ்.

க்ளாஸ் பரீட்ச விஷயம். தென்னாப்பிரிக்கா பழைய பிரிட்டிஷ் முறை, பிஎச்டி முழுக்க தீசிஸ்தான், பேப்பர்ல 360 க்ரெடிட் எல்லாமே அந்த ஆராய்ச்சிக்குத்தான் போகும். ஃபுல் டைம்னா விதிப்படி குறைஞ்சது ரெண்டு வருஷம், நடைமுறைல மூணு நாலு ஆகும், வேல பாத்துக்கிட்டே பண்றவங்களுக்கு அதுக்கும் மேல. முதல் வருஷம் பூரா ப்ரொபோசல்லயே போயிடும். அத கமிட்டி பாஸ் பண்ணணும், அப்புறம் எதிக்ஸ் க்ளியரன்ஸ், ஆளுங்கள பேட்டி எடுக்கப் போறீங்கன்னா அந்த கம்பெனி அனுமதி லெட்டரும் வேணும். கடைசில தீசிஸ வெளி எக்ஸாமினர்களுக்கு அனுப்புவாங்க, அவங்க எழுத்துல ரிப்போர்ட் குடுப்பாங்க. இந்தியால மாதிரி சபைல நின்னு வைவா (வாய்மொழித் தேர்வு) குடுக்குறது இங்க நிறைய இடத்துல கிடையாது.

டேட்டாதான் உயிர வாங்கும். ஜேஎஸ்இ-ல (ஜோஹன்னஸ்பர்க் ஷேர் மார்க்கெட்) இருக்கற கம்பெனி எண்கள் ஐரெஸ் மாதிரி டேட்டாபேஸ்ல கிடைக்கும், ஆனா நீங்க தேடுற விஷயம் மட்டும் எப்பவும் அதுல இருக்காது. நான் டைரக்டர் சம்பளம் எடுத்தேன். ஒரு கம்பெனி இந்த வருஷம் அத ரெம்யூனரேஷன் ரிப்போர்ட்ல போடும், அடுத்த வருஷம் நோட்ஸ்ல ஒளிச்சு வைக்கும், நடுவுல ஒருத்தர் ராஜினாமா பண்ணியிருந்தா அவருக்கு ஏழு மாச சம்பளம் தனி, வெளிய போறப்ப குடுத்த செட்டில்மென்ட் தனி, அதுக்கு ஒரு ஸ்டார் போட்டு கீழ பொடி எழுத்துல விளக்கம். இத பிடிஎஃப்-ல இருந்து ஒண்ணொண்ணா எக்ஸெல்ல ஏத்தணும், ராத்திரி பதினோரு மணிக்கு கண்ணு எரியும், அப்பதான் போன வருஷ எண்ணையே இந்த வருஷ ரிப்போர்ட்ல மாத்தியிருக்காங்கன்னு கண்ணுல படும். எரிச்சல்தான், ஆனா எனக்கு நல்ல கேள்வி எல்லாம் அந்த இடத்துலதான் கிடைச்சுது.

குமார்_ஜோபர்க்:
நான் நேராவே சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. இங்க சிஏ-ன்னா ஜோபர்க் பிசினஸ் ஏரியா சாண்ட்டன்ல எவ்வளவு சம்பளம்னு எல்லாருக்கும் தெரியும். கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையுற கத இது. பர்மனன்ட் போஸ்ட்டுக்காக மூணு நாலு வருஷம் தீசிஸ் எழுதுறதுக்கு பதிலா இந்திய சிஏ-வ இங்க செல்லுபடியாக்க சைக்கா-ல (இங்க உள்ள சிஏ சங்கம்) என்ன பேப்பர் எழுதணும்னு கேளுங்க. அக்கவுண்டிங் டாக்டர் எழுதுறத எந்த கம்பெனி நிதித் தலைவரும் (சிஎஃப்ஓ) படிக்கிறதில்ல, இது சத்தியம்.

எழிலன்_எட்ஜ்கோம்ப்:
குமாரு, சம்பளம்தான் குறின்னா நீ சொல்றது சரி, நான் மறுக்கல. இங்க அக்கவுண்டிங் டிபார்ட்மென்ட்ல ரொம்ப காலமா சிஏ இருந்தா போதும்னுதான் ஓடுச்சு, டாக்டர் பட்டம் இல்லாத சீனியர் லெக்சரர் எத்தனையோ பேர். இப்ப ஏன் நெருக்குறாங்கன்னா, ஒரு பிஎச்டி மாணவர் முடிச்சு வெளிய போனா, அங்கீகரிச்ச ஜர்னல்ல ஒரு கட்டுர வந்தா, அதுக்கு அரசு மானியம் யூனிவர்சிட்டிக்கு வருது. அதனால தங்கச்சிகிட்ட ஜாடையா சொன்னது வெறும் ஜாடை இல்ல, சீக்கிரமே கண்டிப்பா ஆயிடும். ஆனா சிஎஃப்ஓ படிக்கிறதில்லங்கறத முழுசா ஒத்துக்க மாட்டேன். ஆடிட் ஃபர்ம 10 வருஷத்துக்கு ஒரு தடவ கட்டாயமா மாத்தணும்னு ஆடிட்டர்கள கண்காணிக்கிற இர்பா அமைப்பு 2017-ல விதி போட்டுச்சே, 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்து அதே வருஷம் அப்பீல் கோர்ட் அத ரத்து பண்ணிடுச்சு. இதுக்கு நடுவுல முன்கூட்டியே ஆடிட்டர மாத்துன கம்பெனிங்க இருக்கு, மாத்தாம காத்திருந்ததும் இருக்கு. ரெண்டு கூட்டத்தையும் பக்கத்துல வெச்சு ஆடிட் தரம் கூடுச்சா, ஃபீஸ் ஏறுச்சான்னு பாத்தா அத எல்லா ஆடிட் கமிட்டியும் படிக்கும்யா.

மாரிட்ஸ்பர்க்_பையன்:
பொறந்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க், இப்ப அமெரிக்கால மூணாவது வருஷம் பிஎச்டி. அக்கா, அந்த அஞ்சு வருஷக் கணக்கு எப்படின்னா இங்க முதல் ரெண்டு வருஷமும் க்ளாஸ்தான், அதுவும் அக்கவுண்டிங் செமினார் போக நிறைய க்ளாஸுக்கு எகனாமிக்ஸ்ல போய் உக்காரணும், மைக்ரோ எகனாமிக்ஸ், எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத்துக்கான புள்ளியியல்), ப்ராபபிலிட்டி. டெபிட் க்ரெடிட்னு ஒரு வார்த்த காதுல விழாது. அது முடிஞ்சா காம்ப்ரிஹென்சிவ்னு ஒரு பரீட்ச, அதுல ஃபெயில்னா மூட்டைய கட்ட வேண்டியதுதான். அதுக்கப்புறம்தான் தீசிஸ். நல்ல விஷயம் என்னன்னா பெரிய யூனிவர்சிட்டிங்கள்ல ஃபீஸ் கிடையாது, மாசம் ஸ்டைபண்டும் குடுப்பாங்க, அதுக்கு பதிலா ப்ரொஃபசருக்கு டேட்டா வேல, ஜூனியர்ஸுக்கு க்ளாஸ். ஆனா ஒரு யூனிவர்சிட்டில வருஷத்துக்கு ரெண்டு மூணு பேரத்தான் எடுப்பாங்க, ஜிமேட் இல்ல ஜிஆர்இ மார்க் நல்லா இருக்கணும்.

குமார் அண்ணா சொன்னதுக்கு ஒண்ணு. எங்களுக்கு செமினார்ல முதல் வாரமே குடுக்குறது ரே பால், ஃபிலிப் ப்ரவுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1968-ல எழுதுன கட்டுர. 261 கம்பெனியோட வருஷ லாபத்தையும் ஷேர் வெலையையும் மாசம் மாசமா வெச்சுப் பாத்தாங்க, லாப எண்ணுல சேதி இருக்கறது நெசம்தான், ஆனா அதுல 85, 90 சதவீதம் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே வெலைல ஏறிடுச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. அத முதல்ல அனுப்புன ஜர்னல் "இது அக்கவுண்டிங்கே இல்ல"ன்னு திருப்பி அனுப்பிடுச்சாம்! இன்னிக்கு இந்தத் துறைல பாதி அந்த கட்டுரை வாசல் வழியா வந்ததுதான். எங்க ஹோம்வொர்க்கே அந்த கட்டுரைல வர்ற வரைபடத்த புது டேட்டால திரும்ப வரையுறது, ஸ்டேட்டாங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல ரெண்டு வாரம் ஓட்டினேன், தேதிய ஒரு நாள் தள்ளி வெச்சாக்கூட கோடு வேற மாதிரி போகும். இன்னொண்ணு, பணக் கணக்கோட சமூகம், சுற்றுச்சூழல் விவரமும் சேத்துப் போடுற இன்டக்ரேட்டட் ரிப்போர்ட்ட ஜேஎஸ்இ கம்பெனிங்க 2010-ல இருந்தே போடணும், இல்லன்னா ஏன் போடலன்னு சொல்லணும்னு வந்துச்சுல்ல, அதனால தென்னாப்பிரிக்கா டேட்டான்னா இங்க ப்ரொஃபசருங்க காது நீளும். நீங்க அங்க இருக்கறதே ஒரு சொத்துதான் அக்கா.

செல்வி_சாட்ஸ்வொர்த்:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனக்கல. எகனாமெட்ரிக்ஸ்னதும் வயித்துல புளி கரைக்குது. ரிக்ரஷன் மாதிரி புள்ளியியல் கணக்கு இல்லாம இந்தப் பட்டம் கிடையவே கிடையாதா? ரெண்டு குழந்தைங்கள வெச்சுக்கிட்டு அமெரிக்கா எல்லாம் நடக்காது, இங்கதான். அப்புறம் என் எம்.காம்-ல டெசர்டேஷன் இல்ல, வெறும் பேப்பர்தான், அது பிரச்சினையா?

மல்லிகா_டீச்சர்_வெருலம்:
செல்விமா, ஏன் பயப்படணும். எண்ணு இல்லாத அக்கவுண்டிங் ஆராய்ச்சி நிறைய இருக்கு, அதுக்குன்னே 1976-ல இருந்து ஒரு பெரிய ஜர்னல் வருது, கணக்குங்கறது ஆளுங்கள எப்படி ஆட்டி வைக்குதுன்னு பேட்டி எடுத்து, பழைய லெட்ஜர் புரட்டி எழுதுற ஆளுங்க அதுல எழுதுறாங்க. நான் ஹிஸ்டரி ஆளு, அதனால எனக்கு தோணுறத சொல்றேன். 1860 நவம்பர்ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் வந்ததுல இருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியா வந்த 1,52,184 பேருக்கும் நம்பர் போட்டு பதிவு இருக்கு, பேரு, வயசு, ஊரு, எந்த எஸ்டேட்னு எல்லாம். முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங் கூலி. நாங்க அதுல தாத்தா பாட்டி பேர தேடுறதோட நிறுத்திக்கிறோம், ஒரு அக்கவுண்டன்ட் கண்ணால அதப் பாத்தவங்க கம்மி. எஸ்டேட் கணக்குல கூலி ஆள எந்த தலைப்புல எழுதினான், வைத்தியச் செலவ யாரு தலைல போட்டான், ஒப்பந்தம் முடிஞ்ச ஆள எப்படி கழிச்சான். இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு கணக்குப் பதிவும் தெரியணும், தமிழ்ப் பேரும் படிக்கத் தெரியணும், உங்களுக்கு ரெண்டும் இருக்கு. வெஸ்ட்வில்ல காந்தி லுத்துலி ஆவணக் காப்பகம் இருக்கு, ஒரு நாள் போய் உக்காந்து பாருங்க.

எழிலன்_எட்ஜ்கோம்ப்:
டீச்சர் சொன்னது அருமையான யோசனை, ஆனா ஒரு எச்சரிக்க. பேட்டி, ஆவணம்னா சுலபம்னு நெனச்சு வர்றவங்க நிறைய பேர், அதுல தியரி படிக்கறதே ஒரு வருஷ வேல, எழுத்தும் ரிக்ரஷன் டேபிள விட நாலு மடங்கு எழுதணும். அதோட இந்த மாதிரி தலைப்ப வழிநடத்த ஆள் வேணும், அக்கவுண்டிங் டிபார்ட்மென்ட்ல எல்லாரும் எடுக்க மாட்டாங்க, ஹிஸ்டரில இருந்து ஒரு கோ-சூப்பர்வைசர் போட முடியுமான்னு ஆரம்பத்துலயே கேட்டுடுங்க.

எம்.காம் விஷயம்: இங்க பிஎச்டி-க்கு மாஸ்டர்ஸ் இருந்தே ஆகணும். உள்ளூர் சிஏ-ங்க படிக்கிற சிடிஏ-ங்கற கோர்ஸ் ஹானர்ஸ் லெவல்தான், மாஸ்டர்ஸுக்கு ஒரு படி கீழ, அதனால அவங்களே முதல்ல மாஸ்டர்ஸ் முடிச்சிட்டுத்தான் வர்றாங்க. உங்க டிகிரி எந்த லெவல்னு வெளிநாட்டுப் பட்டத்த மதிப்பிடுற சாக்வா அமைப்பு சொல்லணும், அந்த சர்டிஃபிகேட்டுக்கு இன்னிக்கே அப்ளை பண்ணிடுங்க, மதுரைல இருந்து வெரிஃபிகேஷன் வரவும் நாளாகும். டெசர்டேஷன் இல்லங்கறத டிபார்ட்மென்ட் கண்டிப்பா கேக்கும். சில இடத்துல ரிசர்ச் மாஸ்டர்ஸ்ல சேத்துக்கிட்டு, வேல நல்லா போனா பிஎச்டி-யா மாத்திக் குடுப்பாங்க, அது உங்களுக்கு நஷ்டம் இல்ல.

சூப்பர்வைசர் தேடுறப்ப அவருகிட்ட இப்ப எத்தன பேர் இருக்காங்கன்னு பாக்காதீங்க, எத்தன பேர் முடிச்சாங்கன்னு பாருங்க. யூனிவர்சிட்டி ரெபாசிட்டரில (ஆன்லைன் தீசிஸ் தொகுப்பு) அவர் பேர போட்டாலே முடிச்ச தீசிஸ் எல்லாம் வரும், அதுல ரெண்ட டவுன்லோட் பண்ணி நன்றியுரைய படிங்க, மாணவங்க அவரப் பத்தி எப்படி எழுதியிருக்காங்கன்னு புரிஞ்சிடும். அப்புறம் ரெண்டு பக்கத்துக்கு மேல போகாம உங்க கேள்விய எழுதி மெயில் பண்ணுங்க, சிவி-ய மட்டும் அனுப்புனா பதில் வராது.

செல்வி_சாட்ஸ்வொர்த்:
சாக்வா ஃபார்ம் இப்பவே ஓப்பன் பண்ணிட்டேன் அண்ணா. டீச்சர், வெஸ்ட்வில்லுக்கு சனிக்கிழம போலாமா, இல்ல வார நாள்லதான் தொறந்திருக்குமா?

மல்லிகா_டீச்சர்_வெருலம்:
வார நாள்லயே போங்கம்மா, முன்கூட்டி மெயில் போட்டுட்டு. பென்சில் எடுத்துட்டு போங்க, பழைய பேப்பர் பக்கத்துல பேனா விட மாட்டாங்க.