அம்மாவுக்கு இடுப்பு வலி: யார் கூட்டிட்டுப் போறது?

குழு: வசந்தா & கோ

செவ்வாய், காலை 7:10

அகிலா: நேத்து ராத்திரி அம்மாகூட போன் பேசிட்டிருந்தேன். "இரு, எந்திரிச்சுக்கறேன்"னாங்க. அப்புறம் சத்தமே இல்ல. நாற்காலியிலேருந்து எழவே முடியலையாம். இது எத்தனை நாளா நடக்குது? எனக்கு ஏன் யாரும் சொல்லல?

ரமேஷ்: இடுப்பு வலிக்கா. வயசாச்சுல்ல

அகிலா: உனக்கு எல்லாத்துக்கும் வயசுதான் பதில்

பாலா: மாத்திரை வாங்கிக் குடுத்தேன். கேக்குது

சுதா: கேக்கல தம்பி. உங்ககிட்ட சொல்றதில்ல, அவ்ளோதான்

பாலா: 😶

சரோஜா அத்தை: (குரல் பதிவு, 2:14)

பாலா: யாராவது கேட்டுட்டு சுருக்கமா சொல்லுங்க

சுதா: கடைசி பத்து செகண்ட்தான் இடுப்பு. மிச்சம் பூரா மாடி அறை

ரமேஷ்: அத்தை அதை இப்ப எடுக்காதீங்க ப்ளீஸ்

கணேசன் சித்தப்பா: 1/3. அண்ணிக்கு டிஸ்க் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். எனக்கு வந்ததும் இதே ரகம்தான். முதுகெலும்பு கீழே முடியும் இடத்தில் முக்கோணமாக ஓர் எலும்பு, அதன் பெயர் சேக்ரம். அதன் இரண்டு பக்கமும் இடுப்பெலும்பு. அவை சேரும் மூட்டுதான் எஸ்ஐ ஜாயிண்ட். முழங்கால் மாதிரி மடங்குகிற மூட்டு அல்ல, சில மில்லிமீட்டர்தான் அசையும். ஆனால் மேல் உடம்பின் பாரம் முழுக்க அது வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது. நாள்பட்ட கீழ்முதுகு வலியில் 15 முதல் 30 சதவீதம் வரை இந்த மூட்டிலிருந்து வருவதுதான் என்கிறார்கள்.

கணேசன் சித்தப்பா: 3/3. ஆகவே பொறுமையாக இருக்கவும்.

பாலா: சித்தப்பா 2 வரல

கணேசன் சித்தப்பா: தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

ரமேஷ்: வியாழக்கிழமை சாயங்காலம் எலும்பு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். நேரா எம்ஆர்ஐ எடுத்துடலாம். தெரிஞ்சு போயிடும்

தாரிணி: அண்ணா ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடும்னு நினைக்காதீங்க. முதுகு வலியே இல்லாதவங்களோட ஸ்கேன்களை சேர்த்துப் பாத்து 2015-ல ஒரு ஆய்வு வந்துச்சு. 60 வயசுக்காரங்கள்ல 69 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்துச்சு, வலி இல்லாமலே. பெரியம்மா ஸ்கேன்லயும் ஏதாவது இருக்கத்தான் செய்யும். அதுதான் வலிக்குதான்னு படம் சொல்லாது. முதல்ல யாராவது கை வச்சுப் பாக்கணும்

ரமேஷ்: நீதான் பிசியோவாச்சே. வந்து பாரேன்

தாரிணி: வர்ற தூரமாண்ணா. சுதா அண்ணி, பக்கத்துல இருக்கீங்களா? பெரியம்மாவ எங்க வலிக்குதுன்னு ஒரே ஒரு விரலால காட்டச் சொல்லுங்க. உள்ளங்கையால தடவிக் காட்ட விடாதீங்க

சுதா: மாடிக்குப் போறேன் இரு

கணேசன் சித்தப்பா: 2/3. அறிகுறிகள். உட்கார்ந்து எழும்போது, படி ஏறும்போது, படுக்கையில் புரளும்போது, ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றும்போது சுருக்கென்று வலிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம். புட்டம், தொடையின் பின்பக்கம் வரை போகும். முழங்காலுக்குக் கீழே மரத்து, மின்சாரம் மாதிரி பாதம் வரை ஓடினால் நரம்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எனக்கு எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே அந்த மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். மேசையை விட்டு இறங்கி நடந்தேன், வலி இல்லை. அதற்குப் பிறகுதான் இடமே உறுதியானது. அதுவரை ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

பாலா: அந்த ஊசி கதை கல்யாண வீட்டுல எல்லாம் சொல்லியிருக்கீங்க சித்தப்பா

தாரிணி: ஊசியோட போட்ட ஸ்டீராய்டு கொஞ்ச மாசம்தான் தாங்குச்சு. அந்த மாசங்கள்ல அப்பா உடற்பயிற்சி செஞ்சார், அதனாலதான் நிக்கிறார். அதை மட்டும் கதையில சொல்ல மாட்டார்

கணேசன் சித்தப்பா: சொல்வேன். நேரம் வரும்போது.

சுதா: காட்டிட்டாங்க. வலது பக்கம். முதுகுக்குக் கீழ குழி மாதிரி இருக்கும்ல, அதுக்கு ஒரு விரல் கீழ. கொஞ்ச நேரம் பேச்சு மாத்திட்டு திரும்பக் கேட்டேன். அதே இடம்

தாரிணி: சூப்பர் அண்ணி. எஸ்ஐ வலிக்காரங்க கை பொதுவா அங்கதான் போகும். இதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. மூட்டை அழுத்தியும் தொடையைத் தள்ளியும் பாக்குற சோதனைங்க இருக்கு, அதுல குறைஞ்சது மூணு சோதனையில வலிச்சாதான் நம்பிச் சொல்லலாம். ஆனா டாக்டர்கிட்ட சொல்ல ஒரு விஷயம் கிடைச்சிருச்சு

சரோஜா அத்தை: எலும்பு நகந்திருக்கும். தெரிஞ்ச ஆளு இருக்கார். தட்டி உக்கார வச்சிடுவார்

தாரிணி: அத்தை அந்த மூட்டு அப்படி நகந்துலாம் போகாது. அதைச் சுத்திக் கட்டியிருக்கிற தசைநார் உடம்புலயே ரொம்ப வலுவானதுல ஒண்ணு. தட்ற வேலை வேண்டவே வேண்டாம்

சரோஜா அத்தை: எங்க காலத்துல

பாலா: ஆரம்பிச்சாச்சு

கணேசன் சித்தப்பா: (படம்) என்னிடம் பெல்ட் இருக்கிறது. பரண் மேல் இருந்தது. அனுப்பி வைக்கிறேன்.

பாலா: சித்தப்பா அது டிராவல் பேக் பட்டை

கணேசன் சித்தப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கணேசன் சித்தப்பா: (படம்) இதுதான்.

அகிலா: முதுகு வலிக்கு பெல்ட் போடக் கூடாதுன்னு எங்கயோ படிச்சேனே

தாரிணி: ஆமாக்கா, 2023-ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்ல பெல்ட், இழுவை சிகிச்சை ரெண்டும் வழக்கமா வேண்டாம்னு இருக்கு. அது முதுகைச் சுத்திக் கட்டுற அகலப் பெல்ட். அப்பாவோடது ஒல்லி, இடுப்பெலும்பைச் சுத்தி, தொடை ஆரம்பிக்கிற உயரத்துல கட்டணும். சிலருக்கு நடக்கறப்ப நல்லா இருக்கும். கொஞ்ச நாளைக்குத்தான். எல்லாரும் வயித்துல கட்டிட்டு பிரயோஜனமில்லன்னு சொல்லுவாங்க

ரமேஷ்: நல்லது. வியாழக்கிழமை பாலா கூட்டிட்டுப் போகட்டும்

பாலா: என் கார்லயா? தரையோட ஒட்டி இருக்கு. நானே உருண்டுதான் இறங்குறேன். உங்க வண்டிதான் உயரம்

ரமேஷ்: எனக்கு அன்னைக்கு ஆடிட்

அகிலா: அப்பா ஆபரேஷன் அன்னைக்கும் ஆடிட்தான்

ரமேஷ்: அக்கா

தாரிணி: எந்த வண்டியா இருந்தாலும் முதல்ல சீட்ல உக்காரணும், அப்புறம் ரெண்டு முழங்காலையும் சேர்த்து உள்ள திருப்பணும். ஒரு கால் உள்ள ஒரு கால் வெளியனு இருந்தா அந்த மூட்டு முறுக்கும். சீட்ல ஒரு பிளாஸ்டிக் கவர் விரிச்சா சறுக்கித் திரும்ப வசதி. ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்து முழங்காலுக்கு நடுவுல தலையணை. படுத்தே கிடக்க வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா வீட்டுக்குள்ள நடக்கட்டும். படி மட்டும் குறைக்கணும்

சரோஜா அத்தை: படி குறைக்கணும்னு டாக்டர் பொண்ணே சொல்லிட்டா. என் வாயை மட்டும் அடைச்சீங்க

தாரிணி: நான் டாக்டர் இல்ல அத்தை 🙏

அகிலா: ரமேஷ், கீழ முன்ரூம்ல என்ன இருக்கு இப்போ?

ரமேஷ்: டிரெட்மில்

பாலா: டிரெட்மில்னா, துணி காயப்போடற ஸ்டாண்டு

சுதா: நான் ஆரம்பத்துலேருந்தே அத்தை கீழ இருக்கட்டும்னுதான் சொல்றேன். பாகம் பிரிச்சப்பவும் சொன்னேன். என் பேரை இதுல இழுக்காதீங்க

ரமேஷ்: யாரும் இழுக்கல

சுதா: இன்னொண்ணும் சொல்லிடறேன். அத்தை சொல்லக் கூடாதுன்னாங்க. மழை பேஞ்ச அன்னைக்கு கடைசிப் படியில சறுக்கி அப்படியே உக்காந்துட்டாங்க. அதுலேருந்துதான் இந்த வலி

அகிலா: என்னது

பாலா: எப்ப??? நான் வீட்லதான இருந்தேன்

சுதா: ஹெட்போன்

தாரிணி: அண்ணி இது முக்கியமான விஷயம். கொஞ்சம் கேட்டு சொல்லுங்க. ஒண்ணுக்குப் போறதுல மாற்றம், வராம அடைச்சுக்கிறது இல்ல தெரியாம போயிடறது? பிறப்புறுப்பு, ஆசனவாய் பக்கம் உணர்ச்சி மரத்துப் போறது? கால்ல பலம் குறையறது? காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறது? இதுல எது இருந்தாலும் வியாழன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவு

சுதா: எதுவும் இல்லங்கறாங்க. ரெண்டு தடவ கேட்டேன். நடக்கறாங்க, வலியோட

தாரிணி: சரி. ஆனாலும் நாளைக்கே யாராவது பாத்தா நல்லது. அந்த வயசுல எலும்பு அடர்த்தி குறைஞ்சிருந்தா, சும்மா உக்கார்ற மாதிரி விழுந்தாலே சேக்ரத்துல மெல்லிசா விரிசல் விடும். சாதாரண எக்ஸ்ரேல பல நேரம் தெரியாது. வலி எஸ்ஐ வலி மாதிரியே இருக்கும். விழுந்த கதையை டாக்டர்கிட்ட முதல் வரியா சொல்லுங்க. அதுவரைக்கும் பயிற்சி, நீவி விடறது, தட்டறது எதுவும் கூடாது

ரமேஷ்: அப்போ எம்ஆர்ஐ வேணுமா வேணாமா

தாரிணி: இப்ப வேணும்னு டாக்டர் சொல்ல வாய்ப்பிருக்கு. விழுந்ததை மறைச்சா எதை எடுத்து என்ன பண்றது. பாலா அண்ணா, நீங்க வாங்கிக் குடுத்த மாத்திரை என்ன?

பாலா: (படம்)

தாரிணி: பெரியம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்கல்ல. இந்த ரக வலி மாத்திரை பிரஷரை ஏத்தும், வயித்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். டாக்டர் பாக்காம இனி தர வேண்டாம்

பாலா: சரி 🙏

கார்த்தி: சித்தி ஒரு டவுட். எனக்கு உல்டாவா இருக்கு. பாட்டிக்கு நடந்தா வலி, எனக்கு படுத்திருந்தாதான் வலி. எந்திரிச்சு நடமாடினா சரியாயிடுது

அகிலா: உனக்கென்ன முதுகு வலி. ராத்திரி பூரா போனு

ரமேஷ்: பத்து மணிக்கு எந்திரிக்கறவனுக்கு எல்லாம் வலிக்கும் 😂

தாரிணி: இரு ரமேஷ் அண்ணா. கார்த்தி, எவ்ளோ நாளா? காலைல விறைப்பு எவ்ளோ நேரம்?

கார்த்தி: ஒரு வருஷம் மேல. குளிச்சு கிளம்புற வரைக்கும் கட்ட மாதிரி இருக்கும். விடியக்காலம் வலி எழுப்பி விட்டுடும், கொஞ்சம் நடந்துட்டு திரும்பப் படுப்பேன். அதான் லேட்டு

தாரிணி: எந்தப் பக்கம்?

கார்த்தி: புட்டத்துல. ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம்

தாரிணி: கண்ணு எப்பவாவது சிவந்து வலிச்சுதா? வெளிச்சம் பாக்க முடியாம?

கார்த்தி: ஆமா! போன வருஷம். சொட்டு மருந்து குடுத்தாங்க. அதுக்கும் முதுகுக்கும் என்ன

தாரிணி: சம்பந்தம் இருக்கலாம். பாட்டிக்கு வலிக்கிற அதே மூட்டுதான், ஆனா காரணம் வேற. விழுந்தோ தேஞ்சோ வர்றதில்ல, உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த மூட்டைத் தாக்கி அழற்சி வர்றது. 45 வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்சு 3 மாசத்துக்கு மேல நீடிச்சா, ஓய்வுல கூடி நடந்தா குறைஞ்சா, அதை யோசிக்கணும். நீ எலும்பு டாக்டர்கிட்ட போகாத, ருமட்டாலஜிஸ்ட்கிட்ட போ, மூட்டு அழற்சியைப் பாக்குற டாக்டர். எச்எல்ஏ-பி27னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. எக்ஸ்ரேல மாற்றம் தெரிய வருஷக்கணக்காகலாம், எம்ஆர்ஐல முன்னாடியே தெரியும்

ரமேஷ்: இவனுக்கு மட்டும் எம்ஆர்ஐ ஓகேவா

தாரிணி: ஆமாண்ணா. இவனுக்கு எதைத் தேடறோம்னு தெரியும்

கார்த்தி: பயமா இருக்கு சித்தி

தாரிணி: பயப்படாத. இது அதுதான்னு நான் சொல்லல, பாத்துடணும்னு சொல்றேன். இப்ப நல்ல மருந்தெல்லாம் இருக்கு, சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லது. தனியா போன் பண்றேன்

அகிலா: ஏண்டா என்கிட்ட சொல்லல

கார்த்தி: சொன்னேன்மா. மெத்தை மாத்தினீங்க

பாலா: 😐

கணேசன் சித்தப்பா: கார்த்திக்கு: 1/2.

தாரிணி: அப்பா வேண்டாம்

அம்மா: எல்லாரும் என்ன காலைலேருந்து போன் சத்தமா இருக்கு

அம்மா: எனக்கு ஒண்ணுமில்ல

அம்மா: சுதா உன்ன யாரு சொல்லச் சொன்னா

சுதா: மன்னிச்சுக்கங்க அத்தை. மாட்டேன்னு சொன்னது தப்பு

அம்மா: கார்த்திக்கு என்ன

அகிலா: ஒண்ணுமில்லம்மா நீங்க படிக்காதீங்க

அம்மா: படிச்சிட்டேன். அவனை முதல்ல கூட்டிட்டுப் போ. நான் வியாழக்கிழமை போய்க்கறேன்

அகிலா: நாளைக்கு

அம்மா: வியாழக்கிழமை

தாரிணி: பெரியம்மா நாளைக்கு

அம்மா: பாக்கலாம்

ரமேஷ்: காலைல ரெண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டு என் வண்டில கூட்டிட்டுப் போறேன். அம்மா கிளம்பினா

பாலா: அப்புறம் கீழ ரூம்?

ரமேஷ்: முதல்ல டாக்டர் பாக்கட்டும்

சரோஜா அத்தை: (குரல் பதிவு, 3:05)

சுதா: பழைய எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட் எல்லாம் ஒரு நீல ஃபைல்ல இருந்துச்சு. கொண்டு போகணும். யார்கிட்ட இருக்கு?

ரமேஷ்: பாலாகிட்ட

பாலா: உங்ககிட்டதான் அண்ணா. பாகம் பிரிச்ச பத்திரத்தோட சேர்த்து வாங்கிட்டுப் போனீங்க

ரமேஷ்: பீரோல பாக்கறேன்