1963 ஸ்ட்ராட்டோகாஸ்டரா, அதன் மறுவெளியீடா?

கேள்வி

வணக்கம். 1963-ஆம் ஆண்டின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கித்தார் ஒன்று எனக்குக் கிடைக்கும் நிலையில் உள்ளது. உடற்பகுதிக்கு மறுபூச்சு அடித்திருக்கிறார்கள்; ஃப்ரெட்டுகளும் (விரற்பலகையில் பதித்த உலோகக் கம்பிகள்) மாற்றப்பட்டவை. அதனால் விலை பாதியாகிவிட்டது என்று விற்பவர் சொன்னாலும், அதே காலத்து அளவுகளில் இன்று தயாராகும் மறுவெளியீட்டைவிட அது பல மடங்கு அதிகம். நான் சேகரிப்பவன் அல்லன். வாரந்தோறும் மேடையில் வாசிப்பவன். அந்தக் கூடுதல் பணம் ஒலியில் தெரியுமா?

பதில் 1

தெரியும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் அக்காலத்துப் பிக்கப்புகளில் கம்பிச் சுருளைக் கையால் வழிநடத்திச் சுற்றியதால் ஒன்றைப்போல் இன்னொன்று அமையவில்லை. ஆகவே ‘1963-இன் ஒலி’ என்று ஒரே ஒலி இருந்ததாகக் கொள்ள முடியாது. அருமையாக ஒலிக்கும் பழைய கித்தாரையும், சாதாரண மறுவெளியீட்டிடம் தோற்றுப்போகும் பழைய கித்தாரையும் நான் வாசித்திருக்கிறேன்.

உண்மையான வேறுபாடு கழுத்தில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் கைபட்டுத் தேய்ந்த விரற்பலகையின் ஓரங்கள் உருண்டு, பிடித்த கணத்திலேயே பழகியதுபோல் இருக்கும். ஆனால் அக்கால விரற்பலகையின் வளைவு ஆரம் 7.25 அங்குலம், தந்திகளைத் தாழ்வாக வைத்து மேல் ஃப்ரெட்டுகளில் தந்தியை ஒரு முழுச்சுரம் உயர வளைத்து இழுத்தால் சுரம் பாதியிலேயே அடைபட்டுவிடும். இன்னும் தட்டையான 9.5 அங்குலத்தில் பழகிய கைக்கு இது பெரிய எரிச்சல். அசலை அப்படியே பின்பற்றும் மறுவெளியீடுகளிலும் இதே வளைவுதான் என்பதால், விலையைப் பார்க்கும் முன் இதைச் சோதியுங்கள். கழுத்தை நிமிர்த்தும் ட்ரஸ் ராடின் திருகுமுனையும் இரண்டிலும் கழுத்தின் அடிப்பகுதியில்தான் இருக்கும். மேடைக்குப் பின்னால் அவசரமாகச் சரிசெய்ய முடியாது.

பதில் 2

ஒலியைப் பற்றி முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். எனக்குள்ள கவலை, அது உண்மையில் 1963-ஆ என்பதே. கழுத்தைக் கழற்றி அடியில் உள்ள தேதி முத்திரையையும், உள்ளே பாட்களில் (ஒலிக் குமிழ்களுக்கு அடியிலுள்ள மின்பாகங்கள்) பொறித்த எண்களையும் பாருங்கள். 304 என்று தொடங்கினால் பாட்களைச் செய்த நிறுவனம் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ். அடுத்து வருபவை ஆண்டும் வாரமும். அந்த எண் கித்தார் அதற்கு முந்தையதல்ல என்பதை மட்டுமே காட்டும். அதே ஆண்டுதான் என்று நிரூபிக்காது. ஈயப்பற்று வைத்த இடங்கள் கலைக்கப்பட்டிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

அந்த ஆண்டுகளில் உடற்பகுதியில் சிறு ஆணிகளை அடித்து, அவற்றின்மேல் நிறுத்தித்தான் வண்ணம் பூசினார்கள். பிறகு ஆணியைப் பிடுங்கியதால் துளைக்குள் பூச்சில்லாத மரம் தெரிய வேண்டும். உங்களுடையது மறுபூச்சு என்பதால் அந்தத் துளைகள் நிரம்பியிருக்கலாம். ஆனால் துளைகளே இல்லையென்றால் உடற்பகுதி வேறு காலத்தையது என்று ஐயப்படலாம்.

இன்னொன்று: அதன் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்க வாய்ப்பு மிகுதி. 1992 முதல் அம்மரம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மிகக் கண்டிப்பான முதல் பட்டியலில் இருக்கிறது. பிற ரோஸ்வுட் இசைக்கருவிகளுக்கு 2019-இல் கிடைத்த விலக்கு இதற்குப் பொருந்தாது. வெளிநாட்டுக் கச்சேரிகளுக்குச் செல்பவரென்றால் ஆவணங்களோடு அலைய நேரிடும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று இரண்டையும் அருகருகே வைத்து ஒரு மணிநேரம் வாசித்தேன். பழையதன் கழுத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கழுத்தைக் கழற்றிப் பார்க்க விற்பவர் இசையவில்லை. பின்தகட்டுத் தொடரெண்ணே போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான்கு திருகுகளைக் கழற்றினால் வேறு கித்தாரிலும் மாட்டிவிடக்கூடிய தகடு அது. மறுவெளியீட்டையே வாங்குகிறேன், 7.25 அங்குல வளைவுக்குக் கை பழகிவிட்டது, தந்திகளைச் சற்று உயர்த்திக்கொண்டால் போதும்.