புற்தரையில் கோரை, பிடுங்கப் பிடுங்க வருகிறது. யாராவது உதவுங்கள் (பாமன்கடை)

பாமன்கடை வீடு:
வணக்கம். வீட்டுக்கு முன்னால் 20 அடிக்கு 15 அடி அளவில் ஒரு புற்தரை. போன வருடம் ஒரு லோட் மண் கொட்டி, மலேசியன் புல் பதித்தோம். ஆறு மாதம் பாய் விரித்த மாதிரி இருந்தது, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரிந்தார்கள். மே மாத மழை தொடங்கியதிலிருந்து உள்ளே கோரை. மெஷினால் வெட்டிய இரண்டாம் நாளே புல்லைவிட உயரமாக நிற்கிறது. ஞாயிறு தோறும் குந்தியிருந்து பிடுங்குகிறேன், ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் இரண்டு மூன்று வருகிறது. மதிலோரம் மிக மோசம், அங்கே புல்லே தெரியவில்லை. தோட்டம் துப்புரவு செய்ய வருபவர் எல்லாமே ‘கலாந்துரு’தான் (கோரைக்குச் சிங்களப் பெயர்), மருந்தடிக்காமல் போகாது என்கிறார். சின்னவளுக்கு மூன்று வயது, தரையில் கிடப்பது எல்லாம் வாய்க்குள் போகும், அதனால் மருந்துக்கு மனம் வரவில்லை. வேறு வழி இருக்கிறதா?

தெஹிவளையான்:
கிளைபோசேட் களைகொல்லி ஒரு தடவை அடியுங்கள் தங்கச்சி, பிரச்சினை முடிந்தது.

மண்வெட்டி:
தம்பி, அதை அடித்தால் கோரையோடு புல்லும் சேர்ந்து கருகிவிடும், அது பச்சையாக நிற்கும் எதையும் பிரித்துப் பார்க்காது. இலங்கையில் 2015இல் அதைத் தடை செய்ததும் பிறகு தளர்த்தியதும் ஒரு பக்கம் இருக்கட்டும், குழந்தை விளையாடும் புற்தரைக்கு அது மருந்தே இல்லை.

தங்கச்சி, முதலில் இது ஒரே களைதானா என்று பாருங்கள். நடுத் தரையில் ஒன்றும் மதிலோரத்தில் ஒன்றும் எடுங்கள். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினால் இரண்டுமே முக்கோணமாகத் தட்டுப்படும், அதை வைத்து ஏமாற வேண்டாம். பூவைப் பாருங்கள். மண்ணிறமாக, குடைக்கம்பி போல விரிந்த கதிர் என்றால் அது உண்மையான கோரை. பட்டாணியைவிடச் சின்னதாக, பச்சை அல்லது வெள்ளை உருண்டை ஒன்று மூன்று இலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் அது கைலிங்கா, கோரைக்குச் சொந்தக்காரன், ஆனால் குணம் வேறு. பிறகு ஒரு சாண் ஆழத்துக்குக் கிண்டி, வேரில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பாமன்கடை வீடு:
கிண்டினேன் அண்ணா. நடுவில் எடுத்ததில் கறுப்புக் கிழங்கு, கடலை அளவு, கம்பி மாதிரி ஒரு வேரில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு. நசுக்கினால் மணம். அம்மா பார்த்துவிட்டு, குளிக்கிற பொடியில் போடும் கோரைக்கிழங்கு இது என்றார். மதிலோரத்தில் கிழங்கே இல்லை, மண்ணுக்குச் சற்றுக் கீழே சிவப்பாக ஒரு தண்டு படர்ந்து ஓடுகிறது, மேலே பச்சை உருண்டைப் பூ. அந்த மூலையில்தான் ஏசி தண்ணீர்க் குழாய் வந்து விழுகிறது, இவ்வளவு நாளும் அதை யோசிக்கவே இல்லை.

மண்வெட்டி:
அப்படியானால் உங்களுக்கு இரண்டு வேலை.

மதிலோரம் லேசு. கைலிங்காவுக்கு ஈரம் வேண்டும், நீங்கள் நாள் முழுக்க ஊற்றிக் கொடுக்கிறீர்கள். குழாயை நீட்டி வடிகாணுக்குள் விடுங்கள். அதன் பிறகு களை நிற்கும் இடத்தையும் சுற்றி அரை அடியையும் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தட்டுத் தட்டாகப் பெயர்த்து, பையில் கட்டி அகற்றுங்கள். வேர் மேலோட்டமாகத்தான் ஓடும், கையோடு வந்துவிடும். குழியை நல்ல மண்ணால் நிரப்பி உடனேயே புல் பதியுங்கள், வெறும் மண்ணாகக் கிடந்தால் உதிர்ந்த விதை முதலில் முளைக்கும்.

நடுவில் இருப்பதற்குப் பொறுமை வேண்டும். நீங்கள் இழுத்தபோது மேற்செடி அறுந்து வந்தது, கீழே தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் விழித்துவிட்டன. அதனால்தான் ஒன்றுக்கு மூன்று. உழவாரத்தால் செருக்கினாலும் இதே கதை. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது நீளமான கத்தியைச் செங்குத்தாக இறக்கி, மண்ணைத் தளர்த்தி, கிழங்கோடு தூக்குங்கள். விட்டுப்போனது மறுபடி முளைக்கும், அதை விடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள். முளை வந்து மூன்று வாரம் போனால் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கும், அதற்கு முன் எடுத்தால் பழைய கிழங்கு இருப்பைச் செலவழித்து இளைக்கும். கறுப்புப் பொலித்தீன் போட்டு மூடலாம் என்று யாராவது சொல்வார்கள், கோரையின் நுனி ஊசி மாதிரி, மெல்லிய பொலித்தீனைக் குத்திக்கொண்டு வெளியே வரும். எடுத்த கிழங்கைக் கூட்டெருக் குவியலில் போடவே கூடாது.

இன்னொன்று, எவ்வளவு உயரத்துக்கு வெட்டுகிறீர்கள்?

பாமன்கடை வீடு:
மொட்டையாகத்தான் வெட்டுவோம், அப்போதுதான் நாள் பிடிக்கும் என்று.

மண்வெட்டி:
அதுதான் கோரைக்குக் கதவு திறந்து கொடுத்திருக்கிறது. நிழல் என்றால் அதற்கு ஆகாது. மலேசியன் புல்லின் இலை அகலம், இரண்டு அங்குலம் விட்டு வெட்டினால் மண்ணுக்கு வெயில் படாது. ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மெஷின் வேறு வீடுகளுக்கும் போய் வருவதாக இருந்தால் உங்கள் கேற்றுக்கு வெளியிலேயே கழுவச் சொல்லுங்கள். கிழங்கு அந்த லோட் மண்ணோடு வந்திருக்கத்தான் அதிக சாத்தியம், அடுத்த முறை இறக்குவதற்கு முன் ஒரு வாளி மண்ணைக் கிளறிப் பாருங்கள்.

வத்தளை அக்கா:
தங்கச்சி, உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். நான் ஊற்றினேன். கோரை இரண்டு கிழமையில் திரும்ப வந்தது, புல் ஆறு மாதமாக வரவில்லை. தொட்டாச்சிணுங்கி இருந்தால் பூக்கும் முன்பே தடித்த கையுறை போட்டு ஆணிவேரோடு எடுங்கள், பிள்ளைகளின் காலில் முள் ஏறினால் பெரிய அழுகை. வல்லாரை வந்தால் விட்டுவிடுங்கள், மருந்து படாத தரை என்றால் சம்பலுக்கு ஆகும்.

பாமன்கடை வீடு:
ஆறு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். ஏசி குழாயை நீட்டியாயிற்று, மதிலோரம் பெயர்த்துப் பதித்த புல் பிடித்துவிட்டது, உருண்டைப் பூ ஒன்றுகூட இல்லை. நடுவில் மூன்று முறை கத்தி போட்டேன். முதல் முறை ஒரு வாளிக் கிழங்கு, போன ஞாயிறு ஒரு சிரட்டை அளவுதான், அதுவும் சுருங்கிப் போய்க் கிடக்கிறது. மழை விட்ட பிறகு மண் இறுகிவிட்டது, கத்தி இறங்குவதில்லை.

மண்வெட்டி:
முதல்நாள் பின்னேரம் அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள், காலையில் இறங்கும். ஒக்டோபர் மழைக்கு முன் இன்னும் இரண்டு சுற்றாவது முடித்துவிடுங்கள்.