ரசிகர் கதைல ஸ்பாக்கோட குரல் வரமாட்டேங்குது

கேள்வி:
1966ல வந்த ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடரை வச்சு ஒரு ரசிகர் கதை எழுதிட்டிருக்கேன். சம்பவமெல்லாம் நல்லா வருது. உணர்ச்சியை வெளிக்காட்டாத அதிகாரி ஸ்பாக் வாயைத் திறந்தாதான் வேற யாரோ பேசற மாதிரி இருக்கு. என்ன பண்ணலாம்?

பதில்:
ரெண்டு எபிசோடை ஓடவிட்டு அவர் வசனத்தை மட்டும் கையால எழுதிப் பாருங்க. யார்கிட்ட எப்படிப் பேசறார்னு பிடிபடும். கப்பல் டாக்டர் மெக்காய் சீண்டினா புருவம் உயரும், பதில் சுருக்கமா வரும். கப்பல் தலைவர் ஜிம் கிர்க்கைப் பெரும்பாலும் 'கேப்டன்'னுதான் கூப்பிடுவார். செத்துட்டதா நினைச்ச கிர்க்கை உயிரோட பார்த்ததும் 'ஜிம்!'னு முகமெல்லாம் சிரிப்பாரே, அந்த இடம் நினைவிருக்கா? இத்தனை நாள் அடக்கி வச்சதாலதான் அது நம்மளை அப்படி உலுக்குது. தயவுசெஞ்சு அந்த 'ஜிம்'மை முதல் பக்கத்துலயே செலவழிச்சிடாதீங்க.

பதில்:
புதுப் பாத்திரம் சேர்த்தா கவனம். எல்லாரும் அவளையே காதலிச்சு, கப்பலையும் அவளே காப்பாத்தினா ஒட்டாது. பாலா ஸ்மித் 1973லயே இதைப் பகடி பண்ணி எழுதினாங்க. இந்த மாதிரி பாத்திரத்துக்கு 'மேரி சூ'ங்கிற பேரு அங்கிருந்து வந்ததுதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி! எந்த சீசனுக்கு அப்புறம் கதை நடக்குதுன்னு சொல்லணுமா?

பதில்:
கட்டாயம். தலைப்புக்குக் கீழேயே போட்டுடுங்க.