பெலும் காட்டில் இருவாச்சி பத்தா, ஒன்பதா?

மணியம், பட்டர்வொர்த்:
தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் இல்லாத எதுவும் வடக்கே பெலும் காட்டில் இல்லை என்று கோலாலம்பூர் அன்பர் ஒருவர் நேற்று இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். காட்டின் வாசலையாவது மிதித்தவர் இப்படி எழுத மாட்டார். 117,500 ஹெக்டேர் பரப்பில், 2007இல் பேராக் அரசு மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவித்த அரச பெலும் வனத்தில் யானை, காட்டெருமை, தப்பிர், புலி ஆகியவற்றோடு மலேசியாவின் பத்து வகை இருவாச்சிகளும் (பெரிய அலகுள்ள ஹார்ன்பில் பறவைகள்) உண்டு. பத்தும்!

கண்ணன், பிரிக்ஃபீல்ட்ஸ்:
அந்த அன்பர் நான்தான், ஐயா. தொண்டைப் பையில் கோடில்லாத இருவாச்சிகள் ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறப்பதாகச் சொல்லப்படுவது கிரீக்–ஜெலி நெடுஞ்சாலைக்குத் தெற்கே உள்ள தெமெங்கோர் காட்டில். அது பூங்கா அன்று; மரம் வெட்ட அனுமதியுள்ள காப்புக்காடு. வந்துபோகும் விருந்தாளியைக் குடும்ப அட்டையில் சேர்க்கலாமா? அதை நீக்கி ஒன்பது என்று எழுதுங்கள்.

மணியம், பட்டர்வொர்த்:
கிரீக்கையும் ஜெலியையும் இணைக்கும் சாலை திறக்கப்பட்டது 1982இல். அதற்கு முன்பே பறந்துகொண்டிருந்த பறவை, எந்தப் பக்கம் பூங்கா, எந்தப் பக்கம் காப்புக்காடு என்று பலகையைப் படித்துவிட்டா திரும்பும்? தம்பி அதைப் பார்த்திருக்கிறாரா என்பதே என் சந்தேகம். அதைப் போலவே இருக்கும் இன்னொரு வகைக்குத் தொண்டைப் பையின் குறுக்கே கருங்கோடு ஓடும், அலகின் அடிப்பக்கம் வரிவரியாக மேடு தட்டியிருக்கும். இதற்கு இரண்டும் கிடையாது. ஆணின் பை மஞ்சள், பெண்ணின் பை நீலம். இது தெரியாதவர் எண்ண உட்காரக்கூடாது. பத்து.

செல்வி, ஆயர் ஈத்தாம்:
இருவரும் ஒரு பறவைக்காக முட்டிக்கொள்கிறீர்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் 150 மலாயாப் புலிகள்கூட இல்லை. காட்டில் கம்பிக் கண்ணி வைப்பவனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பத்தில் ஒன்றான தலைக்கவச இருவாச்சியின் அலகின் மேலுள்ள கெட்டிக் கொண்டையைத் தந்தம்போல் செதுக்கி விற்கிறார்கள் என்பதற்காகவே அது 2015இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

மணியம், பட்டர்வொர்த்:
செல்வி அம்மா, கண்ணியைப் பற்றி நான் முன்பே எழுதியிருக்கிறேன், அப்போது நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. தலைக்கவச இருவாச்சியை நீங்களே பத்தில் ஒன்று என்று சொல்லிவிட்டீர்கள், நன்றி. கண்ணன் தம்பி கவனிக்கவும்.

செல்வி, ஆயர் ஈத்தாம்:
நான் யார் பக்கமும் பேசவில்லை. என் வாயைப் பிடுங்கிச் சாட்சி ஆக்காதீர்கள்.

கண்ணன், பிரிக்ஃபீல்ட்ஸ்:
காடு பேராக்கில் இருக்கிறது, பெருமை மட்டும் பினாங்குக்காரருக்கா? பூங்கா எல்லைக்குள், தொண்டை தெளிவாகத் தெரியும் ஒரு படம் போதும். அதுவரை ஒன்பது.

மணியம், பட்டர்வொர்த்:
பினாங்கு மலைக் குரங்கு விவாதத்தில் நான் படம் போட்டபோது, அது மிருகக்காட்சிசாலையில் எடுத்தது என்று எழுதியவர் இதே தம்பிதான். ஆகையால் படம் கிடையாது. வேண்டுமானால் ஆகஸ்ட், செப்டம்பரில் தெமெங்கோர் ஏரியில் உள்ள பண்டிங் தீவுக்குப் போய், சூரியன் உதிக்குமுன் ஏரிக்கரையில் நின்று, தாமே எண்ணிக்கொள்ளட்டும்.

கண்ணன், பிரிக்ஃபீல்ட்ஸ்:
பண்டிங் தீவும் பூங்காவுக்கு வெளியேதான் இருக்கிறது, ஐயா.